எண் வந்தது, ஏடு வரவில்லை: இந்தியாவின் டிஜிட்டல் சுகாதாரத் துறையை நகர்த்துவது யார்?

மத்திய அரசு 2025 பிப்ரவரியில் தந்த கணக்குப்படி, நாட்டில் சுமார் 73 கோடிப் பேரிடம் ‘ஆபா’ எண் இருந்தது. ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கின் 14 இலக்க எண் அது. அதே சமயத்தில் அந்த எண்களோடு இணைக்கப்பட்டிருந்த மருத்துவ ஆவணங்கள் ஏறத்தாழ 49 கோடி. தலைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள ஒருவர் ஒரே வருடத்தில் சேர்க்கும் லேப் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் எண்ணினாலே பத்தைத் தாண்டும். அவையெல்லாம் இன்னும் வீட்டு பீரோவில் பிளாஸ்டிக் பைக்குள்தான் கிடக்கின்றன.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். வடிவமைப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. பணமும் ஓரளவு ஒதுக்கினார்கள். அப்படியிருந்தும் டிஜிட்டல் முறை சில இடங்களில் ஒரே வருடத்தில் வேர் பிடித்தது. சில இடங்களில் வருடக்கணக்கில் முளைக்கவே இல்லை. என் கணிப்பில் இதைத் தீர்மானித்தவை இரண்டு கேள்விகள். உட்கார்ந்து விவரத்தைப் பதிவு செய்வது யார்? அதன் பலன் யாருக்குப் போகிறது? இரண்டுக்கும் விடை ஒரே ஆளாக இருந்த இடங்களில் வேலை நடந்தது.

முன்கதை

டிஜிட்டல் சுகாதாரம் கொரோனாவோடு வந்த சங்கதி என்று பலரும் நினைக்கிறார்கள். 2000-லேயே ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ குழுமம் தொலைமருத்துவ மையம் ஒன்றை அமைத்தது. இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதைத் தொடங்கி வைத்தார். பிறகு இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்பைத் தந்து, பெரிய மருத்துவமனைகளைத் தொலைதூர ஊர்களோடு சேர்த்தது. இதழ்களில் அட்டைப்படக் கட்டுரைகள் வந்தன. ஆனாலும் தொலைமருத்துவம் நாட்டின் அன்றாட வைத்தியமாக மாறவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் வேறு விதமாக வளர்ந்தன. சிறு ஊரில் ஒரு மையம். அங்கே இருப்பவர் பயிற்சி பெற்ற பணியாளர்; கண் மருத்துவர் இணைய வழியில் தலைமை மருத்துவமனையிலிருந்து பேசுவார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர் அதே நிறுவனத்தின் மருத்துவமனைக்கு வருவார். பதிவு செய்வதும் பலன் பெறுவதும் ஒரே நிறுவனம். யாரும் மானியம் கொடுத்துத் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பழைய உதாரணம், 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிறுவனம் இது. மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கணினியில் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. பதிவு சரியாக இருந்தால்தான் அடுத்த லோடு வரும். ஆகவே பதிவு சரியாக இருந்தது. கேரளமும் ராஜஸ்தானும் இதே பாணியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. இதை யாரும் ‘ஹெல்த்டெக்’ என்று அழைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இவற்றுக்கு நேர் எதிரான கதையும் உண்டு. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. நோய்களுக்கும் பரிசோதனைகளுக்கும் ஒரே குறியீட்டுச் சொற்களைத் தரும் ஸ்னோமெட் சிடி என்ற சர்வதேசத் தொகுப்பில் இந்தியா 2014-லேயே உறுப்பினராகிவிட்டது. நாட்டில் யார் வேண்டுமானாலும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பயன்படுத்தினால் யாருக்கும் காசும் வரவில்லை. தரநிலை ஆவணம் இணையதளத்திலேயே தங்கிவிட்டது.

ஆணையம் பிறந்தது

2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, டிஜிட்டல் சுகாதாரத்துக்குத் தனி அமைப்பு வேண்டும் என்றது. 2018 ஜூலையில் நிதி ஆயோக் ‘தேசிய சுகாதார அடுக்கு’ என்ற யோசனையை முன்வைத்தது. ஆதார், யுபிஐ ஆகியவற்றைக் கட்டியவர்களின் சிந்தனைதான் இதிலும். அடிப்படைக் கட்டுமானத்தை அரசு போடும், அதன் மேல் தனியார் தங்கள் செயலிகளைக் கட்டிக்கொள்ளலாம். ஆதார் ஆணையத்தின் தலைவராக இருந்த ஜெ. சத்யநாராயணா தலைமையிலான குழு 2019-ல் இதற்கான வரைவுத் திட்டத்தைத் தந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை தொடங்கியது. புதுச்சேரி அவற்றில் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதும் விரிந்தது. 2022 பிப்ரவரியில் ஐந்து ஆண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது.

திட்டத்தின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் மற்றது புரியும். மூன்று பதிவேடுகள் இருக்கின்றன: நோயாளிக்கு ஆபா எண், மருத்துவர் செவிலியர்களுக்கு ஒன்று, மருத்துவமனை, கிளினிக், லேப், மருந்துக் கடை ஆகியவற்றுக்கு ஒன்று. நோயாளியின் ஆவணத்தை டெல்லியில் ஒரு பெரிய கிடங்கில் குவிப்பதில்லை. எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு மருத்துவர் கேட்டால் நோயாளியின் கைபேசிக்கு அனுமதி கோரிக்கை வரும். எந்த ஆவணம், எத்தனை நாளுக்கு என்று அவர் முடிவு செய்து ஒப்புதல் தந்தால், அது குறியாக்கம் செய்யப்பட்டு ஒரு நுழைவாயில் வழியாகக் கேட்டவரிடம் போகும். எல்லா மென்பொருளும் எஃப்ஹெச்ஐஆர் என்ற ஒரே வடிவத்தில் பேச வேண்டும். ஒரே கிடங்கில் எல்லாவற்றையும் கொட்டும் முறையைவிட இது எவ்வளவோ மேல்.

இதை நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். துறையின் முக்கியமான ஆட்டக்காரர் இவர்தான். ஆனால் இவருடைய பொறுப்புகளைக் கவனித்தால் கொஞ்சம் நெருடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் பிரதமரின் ஜன் ஆரோக்யா திட்டத்தை நடத்துவது இந்த ஆணையம். டிஜிட்டல் தளத்தைக் கட்டுவதும் இதுவே. அந்தத் தளத்தில் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்ற கொள்கையை 2020 டிசம்பரில் வெளியிட்டதும் இதுவே. பணம் தருபவர், கட்டுபவர், விதி எழுதுபவர் என மூவரும் ஒரே அலுவலகத்தில். காப்பீட்டுத் துறைக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் தனி ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. சுகாதாரத் தொழில்நுட்பத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

கொரோனா செய்த வேலை

2018-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு மருத்துவர்களைக் கலங்க வைத்தது. நோயாளியை நேரில் பார்க்காமல் தொலைபேசியில் மருந்து சொன்ன விவகாரம், நோயாளி இறந்துபோனார், மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. அதன்பின் வீடியோவில் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி சரியா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலீட்டாளர்களும் தயங்கினார்கள்.

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கின் முதல் நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. இருபது வருடக் குழப்பம் ஒரே நாளில் தீர்ந்தது என்றே சொல்லலாம். எந்த மருந்தை முதல் உரையாடலிலேயே எழுதலாம், எதை மறு ஆலோசனையில்தான் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று பட்டியல் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவு நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அப்போதே எழுதி வைத்தார்கள். அடுத்த மாதமே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொஹாலி மையம் உருவாக்கிய இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தபடி மருத்துவரைப் பார்க்கும் சேவை தொடங்கியது. அந்த வருடம் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகள் நடந்திருந்தன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இ-சஞ்சீவனி வளர்ந்ததற்கு வீட்டிலிருந்து பேசிய நோயாளிகள் மட்டும் காரணமில்லை. துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளர், நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து மருத்துவரோடு இணைக்கும் முறையும் அதில் உண்டு. கருவியை இயக்கத் தெரிந்த சம்பளப் பணியாளர் ஒருவர் இந்த முனையில் இருந்தார். தனியார் செயலிகள் பணம் கொட்டிப் பிடிக்கப் பார்த்த இடத்தை அரசு தன் ஊழியரைக் கொண்டு எட்டியது.

கொரோனா தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினின் கதை எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரி 16-ல் தொடங்கி 220 கோடித் தவணைகளுக்கு மேல் பதிவு செய்தது. ஊசி போட்டதும் பதிவு செய்தால்தான் சான்றிதழ் வரும். சான்றிதழ் இல்லாமல் பல இடங்களில் நுழைய முடியாத காலம் அது. ஆகவே நோயாளியே நின்று “என் பெயரை ஏற்றிட்டீங்களா?” என்று கேட்டு வாங்கினார். ஆபா எண்களில் பெரும் தொகை இந்த வழியாக உருவானது. தங்களுக்கு அப்படி ஓர் எண் உருவானதே தெரியாமல் பலர் இருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. 73 கோடி என்ற எண்ணைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டோக்கன் வெற்றி, கிளினிக் தோல்வி

டிஜிட்டல் மிஷனில் மக்கள் உண்மையிலேயே விரும்பிப் பயன்படுத்திய முதல் வசதி மிகச் சாதாரணமானது. 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புற நோயாளிப் பிரிவின் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி போய்ச் சேரும். டோக்கன் எண் வரும். ஓபி சீட்டுக்காகக் கால் கடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். மருத்துவமனைக்கும் லாபம்: பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பெயரையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஏட்டைப் பற்றிய பெரிய கனவோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் பரவியது இதுதான்.

இனி தெருமுனை கிளினிக்கைப் பார்ப்போம். மாலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் ஐம்பது அறுபது நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். ஓர் ஆளுக்குக் கிடைப்பது சுமார் நாலு நிமிடம்தான். உதவிக்கு இருப்பவர் ஒரே பெண். டோக்கன் கூப்பிடுவதும் ஊசி எடுத்து வைப்பதும் அவர்தான். மருந்துச் சீட்டைக் கையால் எழுத அரை நிமிடம். கணினியில் நோய்க் குறியீடு தேடி, மருந்தைத் தேர்ந்தெடுத்து, ஆபா எண்ணோடு இணைக்க இரண்டு நிமிடம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் வரை போய்விடும். அதன் பலன் யாருக்கு? அடுத்து அந்த நோயாளியைப் பார்க்கப்போகும் வேறொரு மருத்துவருக்கு. சில சமயம் அவர் எதிர்த்தெரு போட்டியாளராகவும் இருப்பார்.

இதோடு சொல்லப்படாத அச்சங்களும் இருக்கின்றன. எழுத்தில் இருப்பது நாளை நுகர்வோர் நீதிமன்றத்தில் சாட்சியாகலாம். எத்தனை பேரைப் பார்த்தார் என்ற கணக்கு வருமான வரிக்குப் போகுமோ என்ற கவலையும் உண்டு. இதை மருத்துவர்களின் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் கூடுதல் வேலையும் கூடுதல் அபாயமும் ஒருவர் தலையில், பலன் இன்னொருவருக்கு என்றால் யார்தான் செய்வார்?

ஆணையத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் ஓர் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இணைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய்; லேபுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் அதிகபட்சம் 4 கோடி ரூபாய் வரை பெறலாம். அதே வருடம் சிறு கிளினிக்குகளையும் லேப்களையும் மருந்துக் கடைகளையும் ஒரு வட்டாரத்துக்குள் மொத்தமாக இணைக்க ‘மைக்ரோசைட்’ முயற்சி தொடங்கியது. முதலில் இயங்கியது மிசோரமின் ஐஸ்வாலில். தினம் ஆயிரக்கணக்கில் ரிப்போர்ட் அச்சடிக்கும் பெரிய லேபுக்கு இந்தத் தொகை நல்ல கணக்கு. அங்கே ஆவணம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. கையால் எழுதும் கிளினிக்குக்கு அது போதவே போதாது. பதிவேட்டில் 2025 தொடக்கத்தில் இருந்த மருத்துவர், செவிலியர் உள்ளிட்டோர் சுமார் 5.6 லட்சம். நாட்டில் பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கு மேல்.

மருந்துக் கடைப் போர்

துறையிலேயே அதிகப் பணம் புரண்ட இடம் இதுதான். விதி எழுதப்படாமலே ஒரு தொழில் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதற்கும் இதுவே சாட்சி.

மருந்து விற்பனையை ஆள்வது 1940-ன் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். உரிமம் ஒரு கட்டடத்துக்குத் தரப்படுகிறது: இத்தனை சதுர அடி, உள்ளே பதிவு பெற்ற மருந்தாளுநர். இணையத்தில் விற்பதைப் பற்றி அந்தக் காலச் சட்டத்தில் எப்படி இருக்கும்? 2018 ஆகஸ்டில் இணைய மருந்தகங்களுக்கு வரைவு விதிகள் வந்தன. அவை இறுதியாகவே இல்லை. அதே வருடம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இணைய விற்பனைக்குத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை விற்கக் கூடாது என்றார். இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்த இடைக்கால நிழலில்தான் பெரும் நிறுவனங்கள் வளர்ந்தன. 2020 மார்ச்சில், கொரோனாவைக் காரணமாகச் சொல்லி, மருந்தை வீட்டுக்கு அனுப்ப அனுமதிக்கும் அறிவிக்கை ஒன்று வந்தது. பக்கத்துக் கடைக்காரருக்காக எழுதப்பட்ட அந்த அறிவிக்கையைப் பெரிய செயலிகள் தங்களுக்கும் கேடயமாக வைத்துக்கொண்டதாக வியாபாரிகள் இன்றும் பொருமுகிறார்கள். 2023 பிப்ரவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி இணைய நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அதற்குப் பிறகும் விதி வரவில்லை.

எதிர்த் தரப்பில் நிற்பது அகில இந்திய மருந்து வணிகர்கள் கூட்டமைப்பு. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள். 2015, 2017, 2018 என்று மீண்டும் மீண்டும் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய கோபத்தின் மூலம் எளிய கணக்கு. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளில் சில்லறை வியாபாரிக்கு 16 சதவீத லாபம். செயலியோ 20 சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்கிறது. மொத்த வியாபாரியின் பங்கையும் தானே எடுத்துக்கொண்டு, பற்றாக்குறைக்கு முதலீட்டாளர் பணத்தைப் போட்டால்தான் அது முடியும்.

அந்தப் பணம் 2020, 2021-ல் வெள்ளமாக வந்தது. சென்னையின் இணைய மருந்தகமான நெட்மெட்ஸ் நிறுவனத்தில் 60 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் சுமார் 620 கோடி ரூபாய்க்கு 2020 ஆகஸ்டில் வாங்கியது. 2021 ஜூனில் டாடா டிஜிட்டல் 1எம்ஜியைக் கைப்பற்றியது. அதே மாதம் இன்னொரு இணைய மருந்தகமான ஃபார்ம்ஈஸி, பங்குச் சந்தையில் இருந்த தைரோகேர் லேப் நிறுவனத்தின் 66 சதவீதப் பங்கை 4,546 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தொடங்கி ஆறேழு வருடமே ஆன, லாபம் காணாத நிறுவனம், கால் நூற்றாண்டாக லாபத்தில் ஓடும் நிறுவனத்தை வாங்குகிறது. அந்த வருடக் கடைசியில் ஃபார்ம்ஈஸியின் மதிப்பு 5 பில்லியன் டாலருக்கு மேல். 6,250 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட விண்ணப்பித்தது. சந்தை சரிந்ததும் 2022-ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. கடன் நெருக்கியது. 2023-ல், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கே விற்கும் உரிமைப் பங்கு வெளியீட்டில் மதிப்பு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. மணிப்பால் குழுமத்தின் ரஞ்சன் பை முதலீட்டாளராக உள்ளே வந்தார்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: தாக்குப்பிடித்தவர்கள் பின்னால் வேறு வருமானம் வைத்திருந்தவர்கள். டாடா, ரிலையன்ஸ், அப்புறம் அப்போலோ. அப்போலோவிடம் ஆயிரக்கணக்கான மருந்துக் கடைகள் ஏற்கெனவே இருந்தன. 24/7 செயலி அந்தக் கடைகளின் மேல் போட்ட மாடி. செயலியை மட்டும் நம்பி நின்றவர்கள் தள்ளாடினார்கள். தெருக் கடைக்காரரும் அழிந்துவிடவில்லை. அவசரத்துக்கு ஒரு பட்டை மாத்திரையைப் பாதியாக வெட்டித் தருகிறவரும், மாதக் கடைசியில் கடன் சொல்ல விடுகிறவரும் அவர்தான்.

பணம் தருபவர் கையில் சாவி

2013-14-ல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 64.2 சதவீதம் மக்களின் சட்டைப் பையிலிருந்து நேராகப் போனது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. தொழில்நுட்ப ஆட்களுக்கு இந்த ஒரு மாற்றம் எந்தச் செயலியையும் விட முக்கியமானது என்று நினைக்கிறேன். ரொக்கம் தரும் நோயாளி மருத்துவமனையிடம் குறியீட்டு வடிவில் ஆவணம் கேட்பதில்லை. காப்பீட்டு நிறுவனமும் அரசுத் திட்டமும் கேட்கும். தராவிட்டால் பணம் வராது.

தேசிய சுகாதார உரிமைகோரல் பரிமாற்றத் தளம் இந்த இடத்தில்தான் வருகிறது. மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பணக் கோரிக்கைகளை ஒரே வடிவத்தில் பரிமாறிக்கொள்ளும் பொதுத் தளம் இது; தேசிய சுகாதார ஆணையமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து கொண்டுவந்தது. இன்று ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை விளங்கும். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும், அவர்கள் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனமான ஒவ்வொரு டிபிஏவுக்கும் தனித் தளம், தனிக் கடவுச்சொல், தனிப் படிவம். டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் காலையில் எழுதிவிட்டுப் போவார். ‘அப்ரூவல்’ சாயங்காலம் வரும். அதுவரை குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2024 மே மாதச் சுற்றறிக்கையில் காப்பீட்டு ஆணையம் கறாராகச் சொல்லிவிட்டது: கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல். பிடிஎஃப் படங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த நேரக் கெடு நடக்காது. பொது வடிவத்தில் தரவு வந்தால்தான் நடக்கும். இங்கே பதிவு செய்கிற மருத்துவமனைக்கே பணம் சீக்கிரம் வருகிறது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உரிமைகோரலுக்காக எழுதப்படும் ஏடு, பணம் கிடைக்கும் விதத்தில் எழுதப்படும். ஒரு சிகிச்சைக்கு மொத்தமாகத் தரும் தொகுப்புக் கட்டணம் எந்த நோய்ப் பெயருக்கு அதிகமோ அந்தப் பெயர் பதிவில் அதிகம் தென்படும். அதையே வைத்து நாட்டின் நோய்ச் சுமையைக் கணக்கிட ஆரம்பித்தால் சிக்கல்தான்.

கருவிகள், செயற்கை நுண்ணறிவு

மருத்துவக் கருவிகளில் இந்தியாவின் இறக்குமதிச் சார்பு 70 முதல் 80 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஸ்கேன் இயந்திரங்களில் ஜிஇ, சீமென்ஸ், பிலிப்ஸ் ஆகியோரின் பிடி இன்னும் தளரவில்லை. அரசு மூன்று பக்கமும் அழுத்துகிறது. விலை: 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு. தரம்: 2017-ன் மருத்துவக் கருவி விதிகள், 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்த அறிவிக்கை. உற்பத்தி: 3,420 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம், ஒரகடம் உள்ளிட்ட மருத்துவக் கருவிப் பூங்காக்கள், விசாகப்பட்டினத்தில் தனி வளாகம். 1992-லேயே மதுரையில் அரவிந்தின் அரோலேப் கண் லென்ஸைச் செய்து விலையை அடியோடு குறைத்துக் காட்டியது. அதற்குப் பின்னால் லென்ஸை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய மருத்துவமனை நின்றது. புதிய கருவித் தொழில்முனைவோருக்கு இல்லாதது அந்த முதல் வாடிக்கையாளர்தான்.

செயற்கை நுண்ணறிவிலும் இதே நிலை. கூகுள், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தில் கண்டறியும் நிரலை அரவிந்த் உள்ளிட்ட மருத்துவமனைகளோடு சேர்ந்து உருவாக்கி 2016-ல் ஆய்வாக வெளியிட்டது. 2019-ல் மதுரையில் நடைமுறைக்கு வந்தது. மும்பையின் க்யூர்.ஏஐ, மார்பு எக்ஸ்-ரேயில் காசநோயின் அறிகுறியைப் படிக்கிறது. இவ்வகை மென்பொருளைக் காசநோய்த் தேடலில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. இரண்டிலும் மருத்துவர் தட்டச்சு செய்ய எதுவும் இல்லை. படம் எடுத்தால் போதும். அதனால்தான் இவை ஓடுகின்றன.

பூட்டு இல்லாத அறை

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள், தரவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏறத்தாழ இரண்டு வாரம் நாட்டின் முதன்மை மருத்துவமனை காகிதத்தில் ஓடியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டதாக அரசு பின்னர் சொன்னது. 2023 ஜூனில் கோவினில் பதிந்தவர்களின் விவரங்களை ஒரு டெலிகிராம் பாட் கேட்டவர்களுக்கெல்லாம் தந்தது. தளம் நேரடியாக ஊடுருவப்படவில்லை என்றது அரசு.

சட்டம் பின்தங்கியே வருகிறது. சுகாதாரத் தரவுக்கென்றே ‘திஷா’ என்ற சட்ட வரைவு 2018 மார்ச்சில் வெளியானது. பொதுத் தரவுச் சட்டம் வருகிறது என்று காரணம் சொல்லி அதை மூட்டை கட்டினார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஹெச்ஐவி பரிசோதனை முடிவையும் ஆன்லைனில் வாங்கிய செருப்பின் அளவையும் ஒரே வகைத் தரவாகவே பார்க்கிறது. நுண்ணுணர்வுத் தரவு என்று தனி வகுப்பு அதில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர பதினெட்டு மாதம் அவகாசம்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி தளம் தமிழ்நாட்டில் பரவிய விதத்தை டெல்லி கவனித்துப் பார்க்கலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண் வேண்டும் என்று ஆனது. பெரிய தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் பெண்ணும் எண்ணைத் தேடி வாங்குகிறார். ஆக, நோயாளியின் பக்கம் பலன் இருக்கிறது. பதிவு செய்யும் பக்கம் இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். டேப்லெட்டிலும் ஏற்ற வேண்டும், பழைய பதிவேட்டிலும் எழுத வேண்டும் என்ற இரட்டைச் சுமையை எதிர்த்து அவர்கள் போராடியதும் உண்டு. மாநிலம் பெருமையோடு காட்டும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடியில் அவர்களுடைய ஊதியமில்லாத மாலை நேரம் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்னொரு படி மேலே போனது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், செயலியில் பதிகிறார். மாத்திரையும் பதிவும் ஒரே கையில். இந்தத் திட்டம் 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றையும் பெற்றது. அதே வீட்டுக்காரர் அடுத்த வாரம் தனியார் கிளினிக்குக்குப் போனால், அந்த மருத்துவர் இந்தப் பதிவைப் பார்ப்பதில்லை. அவர் மாற்றி எழுதும் மருந்து தன்னார்வலரின் செயலிக்கு வருவதும் இல்லை.

மிஷனுக்கு அமைச்சரவை நிதி ஒதுக்கியது ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்கும்போது ஆபா எண்ணிக்கையை முன்னால் வைக்காமல், தனியார் கிளினிக்குகளிலிருந்து மாதம் எத்தனை மருந்துச் சீட்டு இணைந்தது, அதில் எத்தனையை இன்னொரு மருத்துவர் உண்மையில் திறந்து பார்த்தார் என்ற இரண்டு எண்களை ஆணையம் வெளியிட வேண்டும். தரவு அதன் நுழைவாயிலிலேயே இருக்கிறது. புதிதாகச் சேகரிக்க வேண்டியதும் இல்லை. அந்த இரண்டாவது எண் சிறியதாக இருந்தால், ஆவணத்துக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை விகிதத்தை முதலில் மாற்ற வேண்டும். லேபுக்கு அதைக் குறைத்து, கையால் எழுதும் கிளினிக்குக்குப் பல மடங்கு கூட்டி, பதிவு செய்ய ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தொகை போக வேண்டும்.